73 நிமிஷ கவ்பாய் படத்தை ஏன் காசு கொடுத்து வாங்குறாங்க?

'கவ்பாய் படம்'னு சொன்னதும் உங்களுக்கு யார் ஞாபகம் வருது? க்ளின்ட் ஈஸ்ட்வுட், ஜான் வெய்ன்... அத்தோட லிஸ்ட் முடிஞ்சிடும். ஆனா, வெஸ்டர்ன் படங்களைத் தேடித்தேடிச் சேர்க்கிறவங்ககிட்ட கேட்டா, பட் பெட்டிக்கர்னு ஓர் இயக்குநர் பேரைச் சொல்வாங்க.

1956 முதல் 1960 வரை, ராண்டால்ஃப் ஸ்காட்டை ஹீரோவாக வைத்து ஏழு வெஸ்டர்ன் படங்களை எடுத்தவர் இவர். எல்லாமே சின்ன பட்ஜெட், ஒன்றேகால் மணி நேரம் சொச்சம்தான் நீளம். 'ரைடு லோன்சம்' (1959) வெறும் 73 நிமிஷம்! நாலைந்து பேர், சில குதிரைகள், கலிஃபோர்னியாவின் லோன் பைன் பாறைகள். அதில் வரும் கொள்ளைக்காரன்கூட, திருந்தி ஒரு பண்ணை வைத்துப் பிழைக்க ஆசைப்படுகிறவன். அதனால யார் ஜெயிக்கணும்னு நமக்கே குழப்பம் வந்துடும்.

2023-ல் க்ரைட்டீரியன் நிறுவனம் இவற்றில் ஐந்து படங்களை ஒரே பெட்டியில் 4கே டிஸ்க்காக வெளியிட்டது. அதே வருஷம் செப்டம்பரில்தான் நெட்ஃப்ளிக்ஸ் தன் டி.வி.டி சேவையை மூடியது. டிஸ்க் காலம் முடிஞ்சுதுன்னு சொல்ற நேரத்துல, இதை யார் வாங்குறாங்க?

ஆன்லைனில் 'வாங்கிய' படம் நிஜமாகவே நம்முடையதா என்று சந்தேகப்படுகிறவர்கள்தான். அந்தச் சந்தேகம் நியாயமானது. 2025 ஜனவரி முதல் கலிஃபோர்னியாவில் ஒரு சட்டம் அமலில் இருக்கிறது. டிஜிட்டல் படத்துக்கு 'வாங்கு' பட்டன் வைத்தால், 'இது பார்ப்பதற்கான உரிமம் மட்டுமே' என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

பெரிய படம் ஒரு ஓ.டி.டி-யில் இருந்து போனாலும், இன்னொண்ணுல வந்துடும். சின்னப் படத்தைக் கேட்க ஆளில்லை. ஏழில் முதல் படமான 'செவன் மென் ஃப்ரம் நவ்', ஜான் வெய்னின் சொந்த கம்பெனி தயாரித்தது. அதுவே பல வருஷம் பார்க்கக் கிடைக்காமல் இருந்து, 2000-ல் யு.சி.எல்.ஏ காப்பகம் புதுப்பித்த பிறகுதான் திரைக்கு வந்தது.

நீங்களும் சேர்க்க ஆரம்பிக்கிறதா இருந்தா ஒரு விஷயம். புளூ-ரே டிஸ்க்குக்கு அமெரிக்கா 'ஏ' ரீஜன், இந்தியா 'சி'. உங்க பிளேயர்ல ஓடுமான்னு பார்த்துட்டு ஆர்டர் போடுங்க. 4கே டிஸ்க்குக்கு இந்த ரீஜன் தொல்லை கிடையாது, ஆனா 4கே பிளேயர் வேணும்.

டிஸ்க் வேண்டாம்னாலும் பரவாயில்லை. உங்க வாட்ச்லிஸ்ட்டைத் திறந்து, ரெண்டு வருஷம் முன்னாடி 'அப்புறம் பார்க்கலாம்'னு போட்ட சின்னப் படம் இன்னும் இருக்கான்னு தேடிப் பாருங்க. இருந்தா, இன்னிக்கே பார்த்துடுங்க!