மன்னரின் மௌனம்

வேலூர்க் கோட்டை என்றதும் 1806-ம் ஆண்டுச் சிப்பாய்ப் புரட்சிதான் நினைவுக்கு வரும். திப்புவின் மக்கள் சிறையிருந்த மாளிகையும் நினைவுக்கு வரலாம். ஆனால் ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் தோல் ஏற்றிச் செல்லும் லாரிகள் ஓடுகிற இதே ஊரில், அதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு, ஓர் அரச குடும்பமே வாளுக்கு இரையாயிற்று. அதை அறிந்தவர் சிலரே.

தலைக்கோட்டைப் போரில் 1565-ல் அடிபட்ட விஜயநகரம், பெனுகொண்டாவுக்கும் சந்திரகிரிக்கும் இடம்பெயர்ந்து, கடைசியில் வேலூரைத் தலைநகராகக் கொண்டது. கொண்டவர் இரண்டாம் வேங்கடபதி ராயர். திறமைசாலி, சரிந்த அரசைத் தூக்கி நிறுத்தியவர். அவருக்குப் பிள்ளை இல்லை. கொப்பூரி குடும்பத்து அரசி ஒரு குழந்தையைத் தன் குழந்தை என்று காட்டினார். மன்னருக்கு உண்மை தெரியும் என்று, அக்காலத்துப் பாதிரியார் பர்ராதாஸ் 1616-ல் எழுதிய கடிதம் கூறுகிறது. தெரிந்தும் மன்னர் வாய் திறக்கவில்லை. அரசியின் மேல் வைத்த பிரியம்! பிள்ளை அரண்மனையிலேயே வளர்ந்தது. மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று பார்த்தவர்கள் எடுத்துக்கொண்டதில் வியப்பென்ன?

1614-ல் மரணப் படுக்கையில்தான் மன்னர் வாய் திறந்தார். அண்ணன் தம்பி வழி வந்த ஸ்ரீரங்கரை அழைத்து முத்திரை மோதிரத்தைக் கொடுத்தார். தளபதிகள் எல்லோரும் புதிய மன்னரை வணங்கினார்கள். வணங்கியவர்களில் அரசியின் நெருங்கிய உறவினரான ஜக்கராயரும் ஒருவர். சில மாதங்கள்கூடச் செல்லவில்லை. அவரே வேறு இரு தளபதிகளோடு சேர்ந்து ஸ்ரீரங்கரைக் குடும்பத்தோடு காவலில் வைத்து, அந்தப் பிள்ளையை அரியணையில் ஏற்றினார். ஒரே அவையில் அவரோடு சரிசமமாக நின்ற யாசம நாயக்கர் மட்டும் தலை வணங்க மறுத்துவிட்டார்.

காவலுக்குள்ளிருந்து ராமதேவர் என்ற சிறுவனை வெளியே கொண்டுவந்தவர் யார் தெரியுமா? அரண்மனைத் துணிகளை வெளுக்கும் ஒரு சலவைத் தொழிலாளி. அழுக்கு மூட்டைக்குள் சிறுவனை வைத்துச் சுமந்து, காவலர் கண் முன்பாகவே நடந்துபோனார். மூட்டை சற்று அசைந்திருந்தால் இருவர் தலையும் உருண்டிருக்கும். படை, பட்டம், மானியம் எதுவும் இல்லாத அந்த மனிதருக்கு இருந்த நெஞ்சுரம், மோதிரத்தை வணங்கிய தளபதிகளில் எத்தனை பேருக்கு இருந்தது?

மற்றவர்களை மீட்கும் முயற்சி தோற்றது. காவலர்களைத் தீர்த்துக்கட்டிக் கோட்டையைத் திறந்துவிட ஏற்பாடாகியும், யாசமர் வந்து சேருமுன் செய்தி ஜக்கராயருக்கு எட்டிவிட்டது. சாகும்படி கட்டளை பிறந்தது. ஸ்ரீரங்கர் மனைவியையும் மக்களையும் தம் கையாலேயே வெட்டிவிட்டு, தாமும் மாண்டார்.

நாடு கொதித்தது. ஜக்கராயர் காட்டுக்கு ஓடினார்; ஆனால் ஓய்ந்துவிடவில்லை. மதுரை நாயக்கரும் செஞ்சி நாயக்கரும் அவர் பக்கம் சேர்ந்தனர். தஞ்சை ரகுநாத நாயக்கர் யாசமர் பக்கம். எல்லோரும் நேற்றுவரை ஒரே பேரரசருக்குக் கட்டுப்பட்டவர்கள்தான்! வேலூர் அரியணைச் சண்டை, 1616-17-ல் திருச்சிராப்பள்ளிக்கு அருகே தோப்பூரில் காவிரிக்கரையில் தீர்ந்தது. ஜக்கராயர் களத்தில் இறந்தார். சண்டையிட்டவர்கள் காவிரி அணையையும் உடைத்தார்கள் என்று தஞ்சைப் புலவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். வேலூரில் யார் முடி சூடினால் என்ன என்றிருந்த உழவனுக்கு, அணை உடைந்தால் வயல் என்ன ஆகும்?

ஜக்கராயரின் துரோகத்துக்கு மன்னிப்பே கிடையாது. ஆயினும் வேங்கடபதி ராயரைக் குற்றமற்றவர் என்று விட்டுவிட முடியாது. பட்டத்துக்கு உரியவர் யார் என்பதை, உடலில் தெம்பும் சொல்லுக்கு மதிப்பும் இருந்த நாளிலேயே அவர் அவையில் சொல்லியிருக்கலாம். வீட்டுக்குள் மனம் நோகக்கூடாது என்று அடக்கிவைத்த பேச்சு, வெளியே படைகளாகக் கிளம்பிற்று.

ஜக்கராயரின் தம்பி எதிராஜர் போர் முடிந்த பின்னும் பணியவில்லை. கடைசியில் ராமதேவர் அந்த எதிராஜரின் மகளையே மணந்து சமாதானம் செய்துகொண்டார். தந்தையையும் தாயையும் பறிகொடுத்த பிள்ளை, பறித்தவரின் வீட்டுக்கே மருமகன்! யாசமருக்கு அது பொறுக்கவில்லை. அழுக்கு மூட்டையில் வந்து சேர்ந்த சிறுவனுக்காகப் போர் புரிந்தவர், அவன் அரசனாக வீற்றிருந்த அவையை விட்டு விலகிப் போனார்.