குடுவைக்குள் என்ன இருந்தது?

காயலான் கடைக்குப் போகிறவர்கள் பழைய பேப்பரை எடைக்குப் போட்டுவிட்டு உடனே திரும்பிவிட மாட்டார்கள். அங்கே கிடக்கிற குவியலை ஒரு பார்வை பார்ப்பார்கள். கைப்பிடி போன தோசைக்கல், நெளிந்த சொம்பு, ஓடாத மிக்ஸி. அவற்றுக்கு நடுவே சில நாள் ஒரு பெரிய கண்ணாடிக் குடுவையும் கிடக்கும். ஏதோ ஒரு ஆய்வுக்கூடத்தை ஒழித்துக் கட்டியபோது வந்து சேர்ந்தது. ஐந்து லிட்டர் பிடிக்கும். கீறல் இல்லை, விரிசல் இல்லை. சொல்லும் விலையோ ஒரு புது ஊறுகாய் ஜாடியின் விலையில் பாதிகூட இருக்காது.

"கண்ணாடிதானே அத்தா, கழுவினாப் போச்சு!" என்பான் பிளஸ் டூ படிக்கிற பையன். பேகம்பூர் வீடுகளில் அப்பாவை அத்தா என்று கூப்பிடுகிறவர்கள் நிறைய. அத்தாவுக்கும் அது நியாயமாகத்தான் படும். உப்பு எலுமிச்சை போடலாம், நெல்லிக்காய் ஊற வைக்கலாம். இப்போது செல்போனைத் திறந்தாலே காய்கறியைப் புளிக்க வைக்கும் வீடியோக்கள் வரிசையாக வருகின்றன. எல்லாவற்றிலும் அழகான கண்ணாடி ஜாடிகள்தான்.

கழுவினால் போய்விடுமா? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல, திண்டுக்கல்லை விடப் பொருத்தமான ஊர் கிடையாது.

ஒரே பெயர், இரண்டு வேலை

வெளிநாடுகளில் வீட்டிலேயே பீரும் ஒயினும் தயாரிப்பது பலருக்குப் பொழுதுபோக்கு. பிரிட்டனில் 1963-லும், அமெரிக்காவில் 1978-ல் போட்ட சட்டத்தாலும், சொந்த உபயோகத்துக்கு என்றால் வரி கட்டாமல் தயாரிக்க வழி பிறந்தது. அவர்களில் சிலருக்குப் பழைய ஆய்வுக்கூடக் கண்ணாடி மேல் ஒரு கண். கூம்புக் குடுவையில் ஈஸ்ட்டை வளர்ப்பார்கள், பெரிய குடுவையில் சாற்றைப் புளிக்க வைப்பார்கள். அந்தப் பெரிய குடுவைக்குக் 'கார்பாய்' என்று பெயர். பாரசீகத்தின் 'கராபா' என்ற சொல்லில் இருந்து வந்தது. அமிலம் ஊற்றி வைக்கும் பெரிய குடுவைக்கும் கார்பாய் என்றுதான் பெயர். ஒயினுக்கும் ஆசிட்டுக்கும் ஒரே பெயர்!

நம் ஊரில் அந்தப் பொழுதுபோக்குக்கு இடமில்லை. 1937-ல் ராஜாஜி கொண்டுவந்த மதுவிலக்குச் சட்டம்தான், பல திருத்தங்களோடு, இன்றும் தமிழ்நாட்டில் இருக்கிறது. அனுமதி இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். 'வீட்டுக்குத்தான் செய்தேன்' என்பது அங்கே எடுபடாது. ஆனால் புளிக்க வைப்பது என்றால் மது மட்டும்தானா? இட்லி மாவு, தயிர், பழைய சோறு, உப்பில் ஊறிய எலுமிச்சை என்று நம் சமையலறையில் பாதி, நுண்ணுயிர்கள் செய்து கொடுக்கும் வேலைதான். பழைய குடுவை நம் வீட்டுக்குள் நுழைவது இந்த வழியாகத்தான்.

கண்ணாடி நல்லதுதான், ஆனால்...

ஆய்வுக்கூடக் கண்ணாடி மட்டமான கண்ணாடி இல்லை. உண்மையில் அது உசத்தி. 19-ம் நூற்றாண்டின் கடைசியில் ஜெர்மனியின் ஓட்டோ ஷாட் என்பவர் கண்ணாடியில் போரான் சேர்த்து உருவாக்கிய போரோசிலிக்கேட் கண்ணாடி அது. சூடு பட்டால் சாதாரணக் கண்ணாடி விரிவதில் மூன்றில் ஒரு பங்குதான் விரியும். அதனால் சட்டென்று விரிசல் விடாது. அமிலத்தைத் தாங்கும், துருப்பிடிக்காது, வாசனை பிடிக்காது.

புளித்தல் என்றால் என்ன என்பதையே நமக்குக் காட்டிக்கொடுத்ததும் ஒரு கண்ணாடிக் குடுவைதான். பிரான்ஸின் லூயி பாஸ்டர், அன்னத்தின் கழுத்துபோல் வளைந்த குடுவையில் சத்துக் கரைசலைக் கொதிக்க வைத்து அப்படியே விட்டார். வளைவில் தூசி தங்கிவிட்டது, கரைசல் கெடவில்லை. கெடுப்பதும் புளிக்க வைப்பதும் காற்றோடு வரும் நுண்ணுயிர்களே என்று 1860-களின் தொடக்கத்தில் உலகம் அறிந்துகொண்டது இப்படித்தான்.

ஆக, குறை கண்ணாடியில் இல்லை. முன்பு அதற்குள் என்ன இருந்தது, அதை எதை ஊற்றிக் கழுவினார்கள் என்பது நமக்குத் தெரியாது. சிக்கல் அங்கேதான்.

ஆய்வுக்கூடங்களில் பல பத்தாண்டுகளாகக் கண்ணாடியைப் பளபளவென்று சுத்தம் செய்ய ஒரு கரைசல் வைத்திருந்தார்கள். பொட்டாசியம் டைகுரோமேட்டைக் கடும் கந்தக அமிலத்தில் கரைத்த குரோமிக் அமிலம். எந்த அழுக்கையும் தின்றுவிடும். ஆனால் அதில் இருக்கும் குரோமியம் கண்ணாடியின் மேல்பரப்பில் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிக்கொள்ளும். ஒருமுறை இருமுறை அலசினால் விடாது. இந்த வகைக் குரோமியம் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் இருப்பது. அதாவது, பார்க்க மிகச் சுத்தமாக இருக்கிற குடுவையையே கூடுதலாகச் சந்தேகப்பட வேண்டியிருக்கிறது.

இதோடு முடியவில்லை. உடைந்த தெர்மாமீட்டரின் பாதரசம், ஈய உப்புகள், மூடியின் சொரசொரப்பான கழுத்தில் தங்கிய எண்ணெய்ப் பிசுக்கு என்று எதுவும் இருந்திருக்கலாம். கொதிக்கும் தண்ணீர் கிருமியைக் கொல்லும், உலோகத்தை ஒன்றும் செய்யாது. முகர்ந்து பார்த்தும் பயனில்லை. ஈயத்துக்கு வாசனை கிடையாது.

அதிலும் புளிக்க வைப்பதற்கு இந்தக் குடுவையைப் பயன்படுத்துவது எல்லாவற்றையும் விட மோசம். தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரத்தில் குடித்துவிடுகிற சமாசாரம் இல்லை இது. எலுமிச்சையும் உப்பும் நாள்கணக்கில், வாரக்கணக்கில் உள்ளேயே கிடக்கும். புளிப்பு ஏற ஏற, ஒட்டியிருப்பதைக் கரைக்கும் சக்தியும் கூடும். ஆய்வுக்கூடத்தில் கறையை நீக்க அமிலத்தை ஊற்றுவதும் ஊறுகாய் செய்கிற வேலையும் ஏறக்குறைய ஒன்றுதான். அலசிய தண்ணீரை ஆய்வுக்கூடத்தில் கொட்டிவிடுவார்கள். ஊறுகாயை நாம் சாப்பிட்டுவிடுவோம்.

467 கிணறுகள்

ஹைதர் அலியின் தங்கை அமீருன்னிசா பேகம் அடங்கிய இடம் என்பதால் பேகம்பூர் என்று பெயர். பெரிய பள்ளிவாசலுக்குப் பிறகு இந்தப் பகுதியை வெளியூர்க்காரர்கள் அறிந்தது தோல் ஷாப்புகளால்தான். ஒரு காலத்தில் ஆவாரம் பட்டை போட்டுத் தோல் பதனிட்டார்கள். பின்னால் குரோமிய உப்பு வந்தது. வேலை வேகமாக முடிந்தது, தோலும் மிருதுவாக வந்தது, பல குடும்பங்களுக்கு அதுவே சோறு போட்டது. அந்தச் சோற்றை யாரும் குறை சொல்ல முடியாது. கழிவுநீர் நிலத்துக்குள் இறங்கியதுதான் பிரச்னை ஆனது.

தமிழ்நாட்டுத் தோல் தொழிற்சாலைகள் பற்றிய வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வேலூர் மக்கள் தொடுத்த வழக்கு என்றாலும், திண்டுக்கல்லும் அதில் உண்டு. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களின் 13 கிராமங்களில் எடுத்த ஒரு கணக்கெடுப்பைத் தீர்ப்பு எடுத்துக்காட்டியது. குடிக்கவும் பாசனத்துக்கும் இருந்த 467 கிணறுகளில் 350 கெட்டுப் போயிருந்தன.

அந்தத் தீர்ப்பு நாட்டுக்கே ஒரு பாடத்தைத் தந்தது. அதற்கு 'முன்னெச்சரிக்கைக் கோட்பாடு' என்று பெயர். கெடுதல் நடந்தது என்று பாதிக்கப்பட்டவர் நிரூபிக்கும்வரை காத்திருக்கக் கூடாது. கெடுதல் இல்லை என்று நிரூபிக்க வேண்டியது அந்தக் காரியத்தைச் செய்கிறவரின் பொறுப்பு. கிணறு கெட்டபின் அதை மீட்க எத்தனை வருடம் ஆகும் என்பதைப் பார்த்த ஊர்களுக்கு இந்த நியாயத்தை விளக்க வேண்டியதே இல்லை.

அதே நியாயம் அடுப்பங்கரைக்கும் பொருந்தும். 'இதில் விஷம் இருந்தது என்று உங்களுக்குத் தெரியுமா?' என்று பையன் கேட்டால், தெரியாது என்பதுதான் பதில். வேண்டாம் என்பதற்குக் காரணமும் அதுதான். இதில் எதுவும் இருந்ததில்லை என்று உறுதியாகச் சொல்லக்கூடியவர் யாரும் இல்லையென்றால், அந்தக் குடுவைக்குச் சமையலறையில் இடமில்லை.

சரி, எதில் போடுவது?

உணவுக்கென்றே விற்கும் புதுக் கண்ணாடி ஜாடியில் போடலாம். அதற்குக் காசு செலவழிக்க மனமில்லையா? காலியான ஜாம் பாட்டில், ஹார்லிக்ஸ் பாட்டில் போதும். முன்பு அதில் என்ன இருந்தது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆய்வுக்கூடக் குடுவையின் அழகுதான் வேண்டும் என்றால் புதிதாக வாங்கி, முதல் நாளிலிருந்தே சமையலுக்கென்று ஒதுக்கிவிடலாம்.

காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம் கல் உப்பு. கேரட், முள்ளங்கி, பச்சை மிளகாய் எதுவானாலும் உப்பு நீருக்குள் முழுக முழுக இருக்க வேண்டும். மேலே இரண்டு விரல் இடம் விடுங்கள். திண்டுக்கல் வெயிலுக்கு மூன்று நான்கு நாளிலேயே புளிப்புத் தட்டிவிடும். பிறகு ஃப்ரிட்ஜில் வைத்துவிடலாம். பூஞ்சை படர்ந்தாலோ, கெட்ட வாடை அடித்தாலோ யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

இன்னொரு விஷயம், மூடியை இறுக்கித் திருகாதீர்கள். ஈஸ்ட் புகுந்து பத்து கிராம் சர்க்கரையை முழுதாகப் புளிக்க வைத்தால், இரண்டரை லிட்டருக்கு மேல் கரியமில வாயு வரும். வெளியேற வழி இல்லாவிட்டால் எந்தக் கண்ணாடியும் வெடிக்கும். அதுவும் அழுத்தத்துக்கென்று செய்யப்படாத கூம்புக் குடுவை என்றால் சிதறிவிடும். மூடியைத் தளர்வாக வையுங்கள், அல்லது தினம் ஒருமுறை திறந்து மூடுங்கள்.

இதைத் திருப்பிப் போட்டாலும் பாடம் அதேதான். கழிப்பறை ஆசிட்டையும் மண்ணெண்ணெயையும் காலி குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. தாகத்தோடு ஓடி வருகிற குழந்தைக்குப் பாட்டில்தான் தெரியும், உள்ளே இருப்பது தெரியாது. சாப்பாட்டுப் பாத்திரம் சாப்பாட்டுக்கு, மருந்துப் பாத்திரம் மருந்துக்கு. இரண்டும் இடம் மாறக் கூடாது.

காயலான் கடைக் குடுவை ஏற்கெனவே வீட்டுக்கு வந்துவிட்டதா? பையனிடம் கோபப்பட வேண்டாம். கையுறை போட்டு நன்றாகக் கழுவி, அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றாமல், ஜன்னலோரம் வைத்து ஒரு மணி பிளான்ட் கொடியை விடச் சொல்லுங்கள். கண்ணாடி வழியாக வேர் இறங்குவது தெரியும். பக்கத்து அலமாரியில் ஹார்லிக்ஸ் பாட்டிலில் எலுமிச்சை ஊறட்டும்.