அப்கிரேட் எண்டால் கடைக்குப் போறது இல்லை

எங்கட வீட்டு அலுமாரிக்கு மேல மஞ்சள் வான் படம் போட்ட ஒரு பெட்டி ஆறு மாசமாகக் கிடந்தது. கனடாவில இருந்து வந்த மாமா தம்பிக்கெண்டு கொண்டுவந்தது. தமியா நிறுவனத்தின் 'லஞ்ச் பொக்ஸ்' என்ற றிமோட் கொன்ட்ரோல் மொன்ஸ்டர் ட்றக் கிட். தம்பி பெட்டியைத் திறந்தான், உள்ளுக்குள்ள இருந்த பைகளைப் பார்த்தான், திரும்ப மூடி வைத்தான். அவன் உயர்தரம், கணிதப் பிரிவு. காலமை ரியூசன், பின்னேரம் ரியூசன், சனி ஞாயிறு பேப்பர் கிளாஸ். எனக்கு நேரம் இருந்தது. ஆனால் பெட்டி எனக்கெண்டு வரேல்லை. நான் பெட்டை, அதுவும் கலைப்பீடம்.

கடைசியில அதைப் பூட்டினது நான்தான். பூட்டி, ஓட்டி, உடைச்சு, திருத்தினதில எனக்கு வந்த கோபத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். கோபம் இரண்டு பகுதியில். "நல்ல சாமான் எல்லாத்தையும் ஒரேயடியா வாங்கிப் போடு" என்று சொல்கிறவர்கள் ஒரு பகுதி. "உனக்கெதுக்கு உந்த வேலை" என்று கேட்கிறவர்கள் மற்றப் பகுதி. இரண்டு பேரும் எதிரெதிர்த் திசையில் நிற்பதுபோலத் தெரியும். ஆனால் செய்வது ஒன்றுதான்: பிழை எங்கே இருக்கிறதென்று நாங்களே தேடிக் கண்டுபிடிக்கிற சந்தர்ப்பத்தை எங்கட கையில இருந்து பறிக்கினம்.

முதலில் வண்டியைப் பற்றி. ஜப்பானின் ஷிசுவோகாவில் இருக்கும் தமியா இதை 1987 இல் வெளியிட்டது. இடையில் கனகாலம் உற்பத்தி நின்றுபோய், 2005 இல் திரும்பவும் விட்டார்கள். 1/12 அளவு. பழைய அமெரிக்க வான் ஒன்றின் உடம்பு, அதுக்குக் கொஞ்சமும் பொருத்தமில்லாத பெரிய ரயர்கள். மோட்டரின் இழுவை பின்சில்லு இரண்டுக்கும் மட்டும்தான். ஒரேயடியாக வேகம் குடுத்தால் குதிரை மாதிரி முன்பக்கத்தைத் தூக்கும். அதுக்காகவே செய்த வண்டி.

பெட்டிக்குள்ள வண்டி இருக்காது. பிளாஸ்டிக் சட்டங்களில் ஒட்டிக்கொண்டிருக்கும் துண்டுகள், எழுத்திட்ட பைகளில் ஸ்குறூக்கள், ஒரு மோட்டர், ரயர், ஸ்பிரிங், ஒரு படப்புத்தகம். அவ்வளவுதான். றிமோட், ஸ்ரேறிங்கைத் திருப்பும் சேர்வோ, பற்றறி, சார்ஜர் எல்லாம் வேறாகத் தேட வேண்டும். புத்தகத்தில் ஸ்குறூக்களை அவற்றின் உண்மையான அளவிலேயே கீறியிருக்கிறார்கள். கையில இருக்கிற ஸ்குறூவைப் படத்துக்கு மேல வைச்சுப் பார்த்தால் சரியானதோ எண்டு தெரியும். ஒரு சொல்லும் வாசிக்காமல் விளங்குகிற பாடப்புத்தகத்தை நான் முதன்முதலாகக் கண்டது அங்கேதான்.

என்ர முதல் பிழை ஸ்குறூ ட்றைவரில. இரண்டு ஸ்குறூவின் தலையை வழுக்கி நாசமாக்கிப்போட்டன். எங்கட ஒழுங்கையில மோட்டர்சைக்கிள் திருத்துற அண்ணையிட்டக் கொண்டுபோனபோது, அவர் ஒருக்கால் பார்த்துவிட்டுச் சிரித்தார். "தங்கச்சி, இது ஜப்பான் தலை. ஹொண்டாவில, யமஹாவில வாற மாதிரி. உன்ர ட்றைவர் பிலிப்ஸ். ரெண்டும் சிலுவை மாதிரித்தான் இருக்கும், ஆனா ஒண்டுக்குள்ள மற்றது வடிவா இருக்காது" என்றார். ஜப்பானியத் தரத்தில் அந்தச் சிலுவைவெட்டின் வடிவம் வேறு. பிலிப்ஸ் ட்றைவர் அடிவரைக்கும் இறங்காமல் மேலே எழும்பி, தலையைத் தின்றுவிடும். இதை அவர் எந்த வகுப்பிலும் படிக்கவில்லை. பழைய ஜப்பான் சைக்கிள்களில் எத்தனையோ தலைகளை நாசமாக்கிப் படித்திருப்பார். நான் இரண்டோடு தப்பினேன்.

பின்பக்கக் கியர்பெட்டியைப் பூட்டினது மறக்கேலாது. சின்னச் சாய்வுப் பற்சில்லுகளை ஒன்றோடொன்று முகம் பார்க்க வைத்து, கிறீஸ் பூசி மூடினேன். பிறகு ஒரு சில்லைக் கையால் முன்னுக்குச் சுத்த, மற்றச் சில்லு பின்னுக்குச் சுத்திச்சுது. வளைவில் உள்பக்கச் சில்லும் வெளிப்பக்கச் சில்லும் வேறுவேறு வேகத்தில் போக வேண்டும், அதுக்குத்தான் இந்த ஏற்பாடு. நாங்கள் நாளாந்தம் ஏறுகிற பஸ்ஸின் அடியிலும் இதுதான் இருக்கிறது. இருபத்திரண்டு வயதில், ஒரு விளையாட்டுச் சாமானில் எனக்கு விளங்கினது.

பூட்டி முடித்துக் கோயில் வீதி மணலில் விட்டோம். பத்தடி ஓடியிருக்காது, பின்பக்கம் தவளை மாதிரித் துள்ளத் தொடங்கிச்சுது. வேகம் குடுக்கக் குடுக்கத் துள்ளலும் கூடிச்சுது. தம்பி சொன்னான், "அக்கா, மோட்டர் காணாது." கனடாவில இருக்கிற மச்சானிடம் வீடியோ அனுப்பினோம். பத்து நிமிசத்தில பட்டியல் வந்தது: பிரஷ் இல்லாத மோட்டர், லித்தியம் பொலிமர் பற்றறி, உலோகக் கியர், அலுமினியப் பாகங்கள். கூட்டிப் பார்த்தால் வண்டியின் விலையைத் தாண்டியது. ஏன் துள்ளுது எண்டு அந்தப் பட்டியலில் ஒரு வரியும் இல்லை.

நான் மணலில் குப்புறப் படுத்தன். தம்பி மெல்ல வேகம் குடுத்தான், நான் வண்டியின் முன்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு பின்பக்கத்தையே பார்த்தேன். இந்த வண்டியில் மோட்டர், கியர், பின்அச்சு மூன்றும் ஒரே கட்டி. அந்தக் கட்டி சட்டத்தில் ஒரு இடத்தில் கொழுவி ஆடிக்கொண்டிருக்கும். மோட்டர் சில்லை முன்னுக்கு முறுக்கும்போது, கட்டி முழுவதும் எதிர்ப்பக்கம் முறுகி எழும்புகிறது. ஸ்பிரிங் அமுங்கித் திரும்ப உதைக்கிறது. கிட்டோடு வருகிற ஷொக்குகளில் ஒயில் இல்லை. ஸ்பிரிங்கும் கொஞ்ச உரசலும்தான், அந்த உதையை அடக்க அதுகளால் ஏலாது. காத்து நிரம்பின பந்து மாதிரி ரயர் வேறு. ஆகவே துள்ளல்.

"டேய், நீ வந்து பார்" எண்டன். அவனும் பக்கத்தில படுத்தான். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தாக்கமும் மறுதாக்கமும்..." என்றான். இணைந்த கணிதத்தில் அந்தச் சொல்லை எத்தனை தரம் எழுதியிருப்பான்! விடைத்தாளுக்கு வெளியே அதை அவன் கண்டது அண்டைக்குத்தான்.

இப்ப மச்சானின் பட்டியலைத் திரும்பப் பாருங்கோ. கூடிய பலமுள்ள மோட்டர் போட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? முறுக்கு கூட, மறுதாக்கமும் கூடும். துள்ளல் இன்னும் மோசமாகியிருக்கும். அந்த அடியில் ஏதாவதொன்று முறிந்திருக்கும், அதுக்கும் ஒரு பட்டியல் வந்திருக்கும். லித்தியம் பற்றறி விசயமும் அப்படித்தான். ஒரு செல் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பழுதாகும். அதுக்கு முன்னர் தானாக நிறுத்துகிற வேகக் கட்டுப்படுத்தி வேண்டும். சும்மா மாத்திப் போட்டால் பற்றறிதான் நட்டம்.

நாங்கள் போட்டது ஒரேயொரு ஷொக். வண்டியில் நான்கு இருக்கும், இது ஐந்தாவது. கியர்பெட்டியின் மேல்பக்கத்துக்கும் சட்டத்துக்கும் இடையில் கிடையாகப் பூட்டி, அது எழும்புவதை அடக்குவதற்கு. இது என்ர கண்டுபிடிப்பு இல்லை, லஞ்ச் பொக்ஸ் ஓட்டுற ஆக்கள் கனகாலமாகச் செய்கிற வேலைதான். யன்னல் சட்டத்தில் மிஞ்சின அலுமினியத் துண்டை வளைத்து, அண்ணையின் கடையில் துளை போட்டு, ஒயில் ஷொக் ஒன்றை வாங்கிக் கொழுவினோம். அடுத்த நாள் அதே மணலில் வண்டி நேரே போனது. அதே பழைய மோட்டர்தான். "மோட்டர் காணாது" எண்ட கதை அதோட முடிஞ்சுது.

ஒரு விதிவிலக்கை ஒத்துக்கொள்கிறேன். கிட்டோடு வருகிற புஷ்களுக்குப் பதிலாகப் போல் பெயரிங்குகளைப் பூட்டும்போதே போட்டுவிடுங்கோ. பிறகு போடுவதென்றால் கியர்பெட்டி முழுவதையும் திரும்பக் கழட்ட வேண்டும். மற்றதெல்லாம் ஓட்டிப் பார்த்த பிறகு, ஒன்றொன்றாக. இரண்டை ஒரே நாளில் மாத்தினால், எது வேலை செய்தது எண்டு உங்களுக்கே தெரியாமல் போகும்.

உண்மையான மொன்ஸ்டர் ட்றக்கின் கதையும் இதுதான். அமெரிக்காவின் மிசூரியில் பொப் சான்ட்லர் என்பவர் தன்ர 1974 ஃபோர்ட் எஃப்-250 பிக்கப்பைக் கரடுமுரடான இடங்களில் ஓட்டி உடைத்துக்கொண்டே இருந்தார். உடைந்த இடத்தில் இன்னும் பலமானதைப் போட்டார். பெரிய ரயர் போட, அச்சு தாங்கவில்லை. இராணுவ வண்டிகளின் அச்சைப் போட்டார். வேக மிதியை அமத்துகிற அவரின் பாரமான காலைப் பகிடி பண்ணித்தான் 'பிக்ஃபுட்' என்ற பெயரே வந்தது. 1981 இல் அந்த வண்டி பழைய கார்களுக்கு மேல ஏறி நசுக்கினதை உலகம் பார்த்தது. அதுக்கு முன்னர் நடந்த உடைசல்களைப் பற்றி ஆர் கதைக்கினம்?

தமியாவின் 'க்ளொட் பஸ்ரரும்' 1987 இல்தான் வந்தது. இரண்டு மோட்டர், நான்கு சில்லுக்கும் இழுவை, நான்கு சில்லும் திரும்பும். ஆனால் ஸ்ரேறிங் பலவீனம். ஓட்டினவர்கள் அதைக் கண்டு, சேர்வோவைச் சட்டத்தில் இருந்து கழட்டி அச்சிலேயே பூட்டினார்கள். பிறகு சட்டத்தையே மாத்தினார்கள். ஒரு தலைமுறையே தன் கையால் கண்டுபிடித்த திருத்தங்களைப் பிறகு கம்பனிகள் செய்து விற்றன. நாங்கள் இன்றைக்குக் கடையில் வாங்குகிற ஒவ்வொரு அப்கிரேட்டுக்கும் பின்னால் ஆரோ ஒருவரின் உடைஞ்ச வண்டி கிடக்கு. விடையை மட்டும் வாங்கி, கேள்வியை அறியாமல் இருப்பதில் என்ன பம்பல்?

என்னோட சண்டைக்கு வாறவர்களின் நியாயங்களையும் சொல்கிறேன். "பூட்டின வண்டியே கடையில் இருக்கு, எடுத்து ஓடலாம்." உண்மை. அதையும் கழட்டித் திருத்தலாம், பாகங்களும் கிடைக்கும். ஆனால் கழட்டிப் பழகாதவர் கழட்டப் பயப்படுவார். எங்கட பக்கத்தில ஒரு பெடியன்ர வண்டி அப்படித்தான் பெட்டிக்குள்ளயே கிடக்கு. முறிந்தது ஒரு விரல்நீளப் பிளாஸ்டிக் துண்டு.

"இந்த நாட்டு நிலைமையில இவ்வளவு காசு விளையாட்டுச் சாமானுக்கோ?" இதுக்கு என்னிடம் சிரித்துத் தப்புகிற பதில் இல்லை. 2022 ஐ எங்கட வீடும் கண்டது. மாமா கொண்டுவராட்டி இந்தக் கிட் எங்கட வீட்டுக்குள்ள வந்திருக்காது. "எல்லாரும் வாங்குங்கோ" என்று நான் சொல்லவில்லை. பழுதாகிக் கிடக்கிற மின்விசிறி, அம்மாவின் தையல் மெசின், உங்கட சொந்தச் சைக்கிள், எதையாவது கழட்டுங்கோ. ஆனால் ரியூசனுக்கு மாசாமாசம் கட்டுகிற காசைக் கணக்குப் பார்க்காதவர்கள், ஒரு பிள்ளை மறுதாக்கத்தைக் கண்ணால் கண்டதுக்கு மட்டும் கணக்குக் கேட்க வேண்டாம்.

அடுத்தது எங்கட வீட்டுக் கதை. நான் முற்றத்தில் கிறீஸ் கையோடு இருந்தபோது பெரியம்மா அம்மாவிடம் கேட்டா, "பெட்டையை உப்பிடி விட்டிருக்கிறாய், பெடியன் என்ன செய்யிறான்?" பெடியன் உள்ளுக்குள்ள இருந்து கடந்தகால வினாத்தாள் செய்துகொண்டிருந்தான். பதினாறு வயதில் எங்களைப் பிரிவு பிரிவாகப் பிரித்துவிட்டார்கள். கணிதம் படிக்கிறவனுக்குக் கை வேண்டாம், கடதாசி போதும். கலை படிக்கிறவளுக்கு ஸ்குறூ ட்றைவர் வேண்டாம், வாய் போதும். கராஜில் நிற்கிற அண்ணைக்குப் படிப்பே வேண்டாம். கை கறுக்கிற வேலையைக் கீழே வைத்த சமூகம்தான் பெட்டையைக் கறுக்க விடக்கூடாது என்றும் சொல்கிறது. பெரியம்மாவின் கேள்வியில் இரண்டும் இருந்தது. கலைப்பீடத்தில் நாங்கள் உழைப்பைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறோம், கருத்தரங்கு வைக்கிறோம். அந்த அண்ணையின் கடைக்குள் போய் ஒருநாள் நின்றவர்கள் எத்தனை பேர்?

தம்பிக்கு இப்ப ஞாயிறு பின்னேரம் ஒரு மணித்தியாலம் விடுதலை. அம்மாவோடு சண்டை பிடித்து வாங்கினது. போன கிழமை முன்சில்லு நேரே நிற்காமல் இழுத்துச்சுது. அவன் போனை எடுத்து மச்சானுக்கு மெசேஜ் போடப் போனான். பிறகு போனை வைத்துவிட்டு, "அக்கா, அந்த ஜப்பான் ட்றைவரைத் தா" என்றான். நான் குடுக்கேல்லை. "உன்ர பெட்டி எண்டுதானே சொன்னவை, தேடி எடு" எண்டன்.

தேடி எடுத்தான். கழட்டினான். சேர்வோவோடு சேர்ந்த துண்டு தொளதொளவெண்டு ஆடுது எண்டு அவனே கண்டுபிடிச்சான்.