உருளைக்கிழங்கில் செய்த இறைச்சி

இந்த மாதம் ஜப்பானியச் சித்திரக்கதை ஒன்றைப் பற்றி எழுதப் போகிறேன் என்றால், “உமக்கென்ன விசரே?” என்று கேட்பீர்கள். கேளுங்கள். ஆனால் அது சமையலைப் பற்றிய கதை. அதனால் நமது பக்கத்துக்குப் புறம்பானதல்ல.

எங்கள் வீடு பேலியகொடையில், மீன் சந்தைக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. புறக்கோட்டை சென்ட் ஜோன்ஸ் மீன் சந்தை 2011இல் இங்கே மாறியது. பிறகு மனிங் சந்தையும் வந்து சேர்ந்தது. நாட்டாமைமாருக்கும் லொறிச் சாரதிகளுக்கும் சாப்பாட்டுப் பார்சல் கட்டிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. வட்டக்கச்சியில் இருக்கும் என் அக்காவின் மகள், உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு எனக்கு உதவியாக வந்து நிற்கிறாள். வெங்காயம் உரிக்கும்போதும் பக்கத்தில் போன் இருக்கும். ஒருநாள் எட்டிப் பார்த்தேன். ஒரு பொடியன் கரண்டியோடு நிற்கிறான். எதிரில் நிற்பவன் அவனை வெட்டுவது போலப் பார்க்கிறான்.

“இதென்ன பிள்ளை, சண்டைப் படமே?”

“இல்லை சின்னம்மா, சமையல் போட்டி.”

ஜப்பானியர் இத்தகைய சித்திரக்கதைகளை ‘மங்கா’ என்கிறார்கள். சமையற் போட்டிக்கென்றே அங்கு ஒரு தனி வகை இருக்கிறது. 1973இல் ஒரு சிறுவர் வார இதழில் ஆரம்பித்த ‘ஹோச்சோனின் அஜிஹெய்’ என்ற கதை இதற்கு வழி திறந்தது. பெரிய சமையற்காரர் ஒருவரின் மகன், பணக்காரர் உணவை விட்டுவிட்டுச் சாதாரண சனங்களுக்குச் சமைக்கப் போகிறான். அதில் கறிக்கென்றே ஒரு போட்டி வருகிறது. எங்கள் கறிதான், அங்கே போய் வேறு கோலம் கொண்டிருக்கிறது. என் பெறாமகள் வாசிப்பது ‘ஷொக்குகெக்கி நோ சோமா’. 2012 முதல் 2019 வரை தொடராக வந்து 36 புத்தகங்களாகியிருக்கிறது. எழுதியவரும் வரைந்தவரும் ஆண்கள். சமையற் குறிப்புகளைக் கொடுத்தவர் யூக்கி மொரிசாக்கி என்ற பெண்.

முதல் அத்தியாயத்தை அவள் எனக்கு வாசித்துக் காட்டினாள். சோமா ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடைக்காரரின் மகன். அந்தக் காணியைப் பறிக்க நினைக்கும் கூட்டம் ஒன்று, கடையில் இருந்த இறைச்சியையெல்லாம் பாழாக்கிவிட்டு, “நல்ல இறைச்சிச் சாப்பாடு தா, தந்தால் போகிறோம்” என்கிறது. பொடியன் உருளைக்கிழங்கை அவித்து மசித்து, வெங்காயமும் காளானும் சேர்த்து, மிஞ்சியிருந்த பன்றி இறைச்சிக் கீலங்களால் சுற்றிச் சுடுகிறான். இறைச்சியின் சாறு கிழங்குக்குள் இறங்குகிறது. வந்தவர்கள் வாய் பேசாமல் சாப்பிடுகிறார்கள். பன்றி வேண்டாம் என்பவர்கள் அதை விட்டுவிட்டுக் கதையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு நெஞ்சு அடைத்தது. சகோதரிகளே, இது நமது கதையல்லவா? தேங்காய் இல்லாமல் சொதியும், தூள் இல்லாமல் கறியும் வைத்தவர்கள் நாம். 2022இல் காஸ் இல்லாமல் கொழும்பு தவித்தபோது, ஈர விறகை எப்படி மூட்டுவது என்று இந்தத் தோட்டத்துச் சனமெல்லாம் என்னிடம்தான் கேட்டுக்கொண்டு வந்தது. வன்னியில் பழகியதைச் சொல்லிக் கொடுத்தேன். அதற்கு முன் என்னோடு கதைக்காத ஒரு சிங்கள அம்மா, அன்றைக்கு ஒரு சுண்டு அரிசி கொண்டுவந்து தந்தா.

இந்தக் கதைகளில் பிள்ளைகள் மயங்குவது எதனால் என்று யோசித்தேன். ஒரு வாய் சாப்பிட்டவர் நாலு பக்கத்துக்குத் தன்னை மறந்து போகிறார்! நமக்குக் கிடைப்பது “உப்புக் குறைவு” என்ற ஒரு சொல்தான். உப்புச் சரியாக இருந்தால் அதுவும் கிடையாது. சோமா தன் தகப்பனிடம் நானூறுக்கும் மேற்பட்ட தடவை தோற்றிருக்கிறான், ஆனாலும் மறுநாள் சிரித்துக்கொண்டு அடுப்படிக்குப் போகிறான். தோல்வியை இவ்வளவு இலேசாகச் சொல்லும் கதை நம்மிடம் குறைவு.

குறையும் சொல்லவேண்டும். சுவையைக் காட்டுவதற்காகப் பெண்பிள்ளைகளின் உடுப்பு பறந்துபோவது போல வரைந்திருக்கிறார்கள். எனக்கு அருவருப்பாக இருந்தது. “அதைத் தட்டிவிட்டுப் போறனான்” என்றாள் மகள். சின்னப் பிள்ளைகளிடம் கொடுக்கும் தாய்மார் பார்த்துக் கொடுங்கள். இன்னொன்று, வீட்டில் சமைப்பது பெண், போட்டியில் வெல்வது பெரும்பாலும் ஆண். ஜப்பானில் 1993 முதல் 1999 வரை பேர்பெற்று ஓடிய ‘அயர்ன் செஃப்’ தொலைக்காட்சிப் போட்டியின் நிரந்தர வீரர்கள் எல்லோரும் ஆண்கள். 2024இல் பிரித்தானியாவின் மாஸ்டர்செஃப் போட்டியில் வென்றவர் நம்மவர், பிரின் பிரதாபன் என்ற மிருக வைத்தியர். கேட்டுச் சந்தோஷப்பட்டேன். அவருக்கு முதலில் ருசி காட்டிய கைகள் யாருடையவோ என்றும் நினைத்தேன்.

ஒரு விசயம் படித்து அதிசயித்தேன். ஜப்பானியச் சமையலுக்கு அடிப்படை ‘கட்சுவோபுஷி’ என்ற காய்ந்த மீன். சூரையை அவித்து, புகை போட்டு, மரக்கட்டை போலாகும்வரை காயவைத்து, சீவிச் சாறெடுக்கிறார்கள். நமது மாசியும் சூரைதான். அதையும் அவித்து, புகையூட்டி, வெயிலில் காயவைக்கிறார்கள். கட்டைச் சம்பலுக்கு நாம் இடித்துப் போடுவதும் அவர்கள் சாறெடுப்பதும் ஒரே ருசிக்காகத்தான். அந்த ருசியை 1908இல் கடற்பாசியிலிருந்து பிரித்தெடுத்தவர் இக்கேடா என்ற ஜப்பானிய விஞ்ஞானி. மறுவருடம் கடைக்கு வந்த அஜினமோட்டோ அதிலிருந்து பிறந்தது. நமது பாட்டிமாருக்கு விஞ்ஞானம் தெரியாது. மாசி எவ்வளவு போடுவது என்று தெரியும்.

சோமா கோழிச் செட்டையை அவித்த சாற்றைக் கட்டியாக்கி, சுடுசோற்றில் வைத்து உருகவிடும் ஒரு சாப்பாடு இருக்கிறது. மகள் அதைச் சூரைத் தலையில் செய்து பார்த்தாள். சந்தையில் நூறு இருநூறுக்குத் தலை கிடைக்கும். இரவு முழுக்க ஃபிரிஜில் வைத்தாள். காலையில் கட்டியாகவில்லை, கூழாக நின்றது. ஆனாலும் சோற்றில் ஊற்றி, மாசியும் தேசிக்காயும் விட்டுத் தந்தாள். நான் இரண்டாம் தரம் போட்டுச் சாப்பிட்டேன்.

அதன்பிறகுதான் சொன்னாள், ஹோட்டல் முகாமைத்துவ நிறுவனத்தில் சமையற்கலை படிக்க விரும்புகிறாளாம்.

அக்காவுக்குப் போனில் சொன்னேன். அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அடுப்புக்குள்ள இருந்து வெளியில வரட்டும் எண்டுதானடி நான் இவளைப் படிப்பிச்சனான்” என்றா. நான் பதில் சொல்லவில்லை. 2009இல் முள்ளிவாய்க்காலில் இரண்டு வயதுப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு பிடி அரிசியில் கஞ்சி காய்ச்சியவ அவ. உப்பும் இல்லாத கஞ்சி. அந்தக் கஞ்சியில் உயிர் தப்பிய பிள்ளைதான் இது. அந்த அடுப்புக்கு முன்னால் இருந்தவ, அடுப்பை வெறுக்காமல் வேறென்ன செய்வா? அவ சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சம்பளமும் சான்றிதழும் உள்ள அடுப்பு வேறு என்று மகள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எனக்கு இரண்டு பக்கமும் நிற்க முடியவில்லை, ஒரு பக்கமும் சாய முடியவில்லை.

வருகிற வெள்ளிக்கிழமை அக்கா வருகிறா. விண்ணப்பப் படிவம் அரிசிப் பேணிக்குக் கீழே இருக்கிறது. தாய்க்கு என்ன சமைப்பது என்று மகள் இன்னும் தீர்மானிக்கவில்லை. சந்தையில் சூரைத் தலை இரண்டு மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன்.