நிரலுக்கும் மராமத்து வேண்டும்

மதுரையைச் சூழ்ந்த சமவெளியிலே கண்மாய்கள் பல உள. கண்மாயை வெட்டுவித்தோன் பெயர் கல்லிலே நிற்பதுண்டு. ஆண்டுதோறும் தூர் வாரிக் கரை உயர்த்தி மடையைச் செப்பனிட்டோர் பெயரை எழுதிவைத்தார் இலர். எனினும் கண்மாயில் நீர் நிற்பது இவர்தம் உழைப்பினாலன்றோ? அவ்வுழைப்பினைக் குடிமராமத்து என்றனர் நம் முன்னோர். கணினி நிரல்களுக்கும் அத்தகைய மராமத்து இன்றியமையாதது என்பது எமது அபிப்பிராயம்.

சான்றொன்று காட்டுவாம். பைத்தான் என்னும் நிரல்மொழியிலே, நிரல் தொகுதிகளைக் கட்டி நிறுவுதற்குரிய 'டிஸ்ட்யூட்டில்ஸ்' என்னும் கருவி 2000-ஆம் ஆண்டு முதல் மொழியுடனேயே வழங்கி வந்தது. அது நீக்கப்படுமென 2021-இல் வெளிவந்த 3.10 பதிப்பு எச்சரித்தது. 2023 அக்டோபரில் வெளிவந்த 3.12 பதிப்பிலே அது நீக்கப்பட்டது. அக்கருவியையே நம்பியிருந்த பழந்தொகுதிகள் பல, தம்முள் ஓரெழுத்தும் மாறாதிருந்தும், புதிய பதிப்பிலே கட்டப்படாமல் நின்றுவிட்டன.

இது கண்டு மொழியைத் திருத்தினோரை நிந்திப்பாரும் உளர். அது முறையன்று. 2008-இல் தோன்றிய மூன்றாம் பைத்தான் பழைய நிரல்கள் பலவற்றை இயங்காமற் செய்ததாயினும், எழுத்துத் தொடர்களை யூனிகோட் முறையிற் கொண்டமையால் தமிழைக் கையாளுதலை எளிதாக்கிற்று. இரண்டாம் பைத்தானுக்கோ 2020 ஜனவரி 1 வரை ஆதரவு நீடித்தது; மாறுதற்குப் பதினோராண்டு அவகாசம் இருந்தது. முன்னறிவித்தல் திருத்துவோர் கடன். கேட்டு ஆவன செய்தல் நிரலை உடையோர் கடன். கேட்பதற்கு ஆளில்லாத தொகுதியே அழிகின்றது. உலகெங்கும் வழங்கும் தொகுதிகள் பலவற்றையும் பேணுவோர், ஊதியமின்றி ஓய்வுநேரத்தில் உழைக்கும் ஓரிருவரே என்பதையும் மறத்தலாகாது.

இனி நம் கலாசாலையை நோக்குவோம். இறுதியாண்டு மாணவர் அரிதின் முயன்று இயற்றும் நிரல்கள், பரீட்சை முடிந்தவுடன் கைவிடப்படுகின்றன. அடுத்த வகுப்பார் மீண்டும் அடியிலிருந்தே தொடங்குகின்றனர். ஆதலின், ஆண்டுதோறும் மாணவருள் ஒரு பகுதியார், முன்னோர் விட்டுச்சென்ற நிரலொன்றை எடுத்துப் புதிய பதிப்பிலே இயங்கச் செய்தலையே தம் பணியாகக் கொள்ளல் வேண்டும். புதுநிரல் இயற்றுவோர்க்கு நிகரான மதிப்பெண் அவர்க்கும் வழங்கல் வேண்டும்.

பழையதைச் செப்பனிடுதலால் யாது கற்பார் என வினவலாம். பிறர் எழுதியதைப் பொறுமையுடன் வாசித்து, பிழையின் மூலத்தைத் தேடிக் காணும் ஆற்றலைக் கற்பார். தொழிலிற் புகுந்தபின் அவர்க்குப் பெரிதும் வேண்டப்படுவது அதுவே. பழைய மாணவரும் தம் நிரல்களுக்குத் தெளிவான குறிப்பெழுதி உதவுவாராக.

கண்மாயை ஒருமுறை வெட்டினாற் போதும். காத்தல் தலைமுறைதோறும் வேண்டும்.