வருகைப் பதிவேடு சொல்லாதது

போன வாரம் சத்திரம் பேருந்து நிலையத்தில் ஸ்ரீரங்கம் பஸ்ஸுக்காக நின்றேன். பக்கத்தில் செல்போனில் கால்பந்து பார்த்துக்கொண்டிருந்த தம்பி, "அடிக்கடி காயம் படுறவனுக்கு எதுக்கு சார் டீம்ல இடம்? தண்டச் சம்பளம்" என்றார். காரைக்காலில் பிரெஞ்சுப் பள்ளி நாளிலிருந்தே கால்பந்துப் பைத்தியம் நான். சும்மா இருக்க முடியுமா?

வியாசர்பாடி தனபால் கணேஷைப் பாருங்கள். 2018 மார்ச் அரையிறுதியில் சென்னையின் எஃப்சி கோவாவை 3-0 என்று வென்றதில் ஒரு கோல் அவருடையது. கோப்பையும் வந்தது. அடுத்த பருவம் முழங்கால் காயத்தால் அவர் இல்லை. சாம்பியன் அணி 18 ஆட்டத்தில் 9 புள்ளியோடு கடைசி இடம்! அது ஒன்றே காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் நடுக்களத்தில் விழுந்த ஓட்டை சின்னதில்லை.

அரசு அலுவலகத்தில் விடுப்புக் கணக்கு எழுதியவன் நான். வருகைப் பதிவேடு ஆள் வந்தாரா என்று சொல்லும். என்ன செய்தார் என்று சொல்லாது. தினமும் வந்து ஒரு ஃபைலையும் நகர்த்தாதவர்களைப் பார்த்திருக்கிறேன். மருத்துவ விடுப்பு முடிந்து வந்து, ஒரே வாரத்தில் மேசையைக் காலி செய்தவரையும் பார்த்திருக்கிறேன்.

அணிக்காக முழங்காலைக் கொடுத்தவர் மட்டம் போட்டவர் அல்ல. வராத நாளை மட்டும் எண்ணுவது கணக்கே அல்ல, தம்பி!