பதகளிப்புக்கு வைத்தியம்: கல்முனைக் கரையிலிருந்து சில எண்ணங்கள்

மருதமுனை தொடங்கிப் பொத்துவில் வரையும் நீண்டு கிடக்கும் நமது கரையோர ஊர்களிலே ஒரு நோயைப் பற்றிப் பலரும் பேசுகின்றனர். அதன் பெயரை மட்டும் எவரும் சொல்வதில்லை. 'நெஞ்சு பக்குப்பக்கென்று அடிக்கிறது' என்பார் ஒருவர். 'மூச்சு முட்டுகிறது, கைகால் விறைக்கிறது' என்பார் இன்னொருவர். 'இரவானால் ஏனென்று தெரியாத ஒரு பயம்' என்பார் மூன்றாமவர். வைத்திய சாத்திரத்தார் இதனைப் பதகளிப்பு நோய் என்பர். பதகளித்தல் நமக்குப் புதிய சொல்லன்று. நம் பாட்டிமார் அன்றாடம் வழங்கிய சொல்தான். அது நோயாகவும் முற்றக்கூடும் என்பதும், அந்நோய்க்கு முறையான வைத்தியம் உண்டென்பதுமே இன்னும் நம்மவர் மனத்திற் பதியவில்லை. வந்த நோய்க்குப் பல இடங்களிலே பரிகாரம் தேடுகின்றனர். தேட வேண்டிய இடத்துக்கு மட்டும் கடைசியாகவே வருகின்றனர். பலர் அங்கும் வருவதில்லை.

இக்கரையிலே அஞ்சுவதற்குக் காரணம் இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. 2004 டிசம்பர் 26 ஆந் திகதிக் கடல்கோளில் இலங்கையில் மாண்டவர் ஏறத்தாழ 35,000 பேர். அவர்களுள் 10,000 பேருக்கு மேல் அம்பாறை மாவட்டத்தவர். பெரும்பாலும் நம் கரையோரத்தவர். அதன் பின்னர் பதினைந்து ஆண்டுகள் கழித்து, 2019 ஏப்ரல் 26 ஆந் திகதி இரவு, சாய்ந்தமருதிலே குடிமனைகளின் நடுவே குண்டுகள் வெடித்தன; குழந்தைகளும் மாண்டனர். துப்புக் கொடுத்தவர்கள் ஊர் மக்களே. ஆயினும், அதற்குப் பின் வந்த மாதங்களிலே ஒவ்வொரு வீட்டாரும் கதவு தட்டப்படும் ஒலிக்குத் திடுக்கிட்டு எழுந்தார்கள். 2020 இல் தொற்றுநோய் வந்தபோது, மரணத்துக்கு அஞ்சியதைக் காட்டிலும் மையித்து எரிக்கப்படுவதற்கு அஞ்சியவர்கள் நம்முட் பலர். அந்தக் கட்டாயத் தகனம் 2021 பெப்ரவரி வரை நீடித்தது. 2022 இன் பொருளாதார நெருக்கடி வீட்டு அடுப்பையே கேள்விக்குறியாக்கிற்று. 2024 நவம்பரிலோ, காரைதீவு மாவடிப்பள்ளியில் வெள்ளம் உழவு இயந்திரத்தைப் புரட்ட, வீடு திரும்பிக்கொண்டிருந்த மதரஸா மாணவர்கள் உயிரிழந்தனர்.

இவ்வளவையும் கண்ட ஒருவன் அஞ்சாதிருந்தால்தான் வியப்பு. அச்சம் இறைவன் மனிதனுக்கு அளித்த காவல். அஞ்ச வேண்டியதற்கு அஞ்சுவது நோயாகாது. ஆபத்து நீங்கிய பின்னும் காவற்காரன் ஓயாமற் கூவிக்கொண்டிருந்தால், அந்தக் கூக்குரல் மாதக்கணக்கில் நீடித்து உறக்கத்தையும் தொழிலையும் கெடுத்தால், அப்போதுதான் அதனை நோயென்று கொள்ள வேண்டும். இந்நோய் வளரும் விதம் நுட்பமானது. அஞ்சியதை விட்டு விலகும்போது உடனே ஓர் ஆறுதல் பிறக்கிறது. அந்த ஆறுதலே, 'விலகியதால் அல்லவா பிழைத்தேன்' என்று மனத்துக்குப் பொய்ப் பாடம் கற்பிக்கிறது. முதலிற் கடற்கரை விலக்கப்படுகிறது, பின்னர் கடற்கரை வீதி, பின்னர் சந்தை, ஈற்றில் வீட்டு வாசற்படி. கடலை நம்பிப் பிழைக்கும் ஊரிலே, ஆழிப்பேரலைக்குப் பின் கடல் பக்கம் முகம் திருப்பாதவர்கள் எத்தனை பேர் என்பதை வாசகர்களே தத்தம் தெருவில் எண்ணிப் பார்க்கலாம்.

ஒருத்தியை உதாரணமாக வைத்துக்கொள்வோம். வயது முப்பத்தைந்து, கணவர் கத்தாரில் தொழில் செய்பவர், பிள்ளைகள் மூவர். ஒருநாள் நள்ளிரவில் நெஞ்சு படபடத்து, வியர்த்து, உயிரே போய்விடும் போலாகிறது. காக்கா முச்சக்கர வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறார். ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்த வைத்தியர், 'ஒன்றுமில்லை' என்று அனுப்பிவிடுகிறார். அடுத்த வாரமும் அவ்வாறே. பிறகு தனியார் நிலையத்தில் இருதய வைத்தியரைச் 'செனல்' செய்கிறார்கள். வயிற்றுக்கு ஒருவர், நரம்புக்கு ஒருவர் என்று கொழும்புவரை பயணம் நீள்கிறது. கத்தாரிலிருந்து வரும் பணத்தில் பாதி பரிசோதனைச் சீட்டுக்களாக அலுமாரியில் அடைகிறது. இடையிலே நாவூறு கழிக்கப்படுகிறது. ஓதிய தண்ணீர் குடிக்கப்படுகிறது. ஜின்னோ, செய்வினையோ என்று அயலார் ஆராய்கின்றனர். 'உளநலப் பிரிவுக்கு ஒரு தடவை கூட்டிச் செல்லுங்கள்' என்று எவரேனும் சொன்னால், சொன்னவரோடு பேச்சு நின்று போகிறது.

பரிசோதனைகள் வீண் என்பது நம் கருத்தன்று. தைரொயிட் சுரப்பி மிகையாக இயங்கினாலும் இதே படபடப்பு வரும். இருதய நோயும் இவ்வாறே தலைகாட்டக்கூடும். அவற்றை முதலில் ஆராய்ந்து விலக்குவது அவசியமே. தீங்கு செய்வது அந்த 'ஒன்றுமில்லை' என்ற சொல்தான். துடித்து வந்தவளுக்கு ஒன்றுமில்லையென்றால், அவள் நடிக்கிறாள் என்றல்லவா பொருளாகிறது? 'இருதயத்திலே பழுதில்லை, இது பதகளிப்பின் வேலை, இதற்கும் மருந்துண்டு, வைத்தியரும் உண்டு' என்று இரண்டு நிமிடம் செலவிட்டுச் சொல்லியிருந்தால், ஈராண்டு அலைச்சல் மிஞ்சியிருக்கும்.

இனி, நம்மவரிடம் வேரூன்றிய ஓர் எண்ணத்தைப் பற்றிப் பேசாமல் மேலே செல்ல முடியாது. ஈமான் உள்ளவனுக்கு ஏன் பயம் வருகிறது என்று கேட்கிறார்கள். இக்கேள்வி நோயாளியை இருமடங்கு வதைக்கிறது. பயத்தோடு பாவ உணர்ச்சியும் சேர்ந்துகொள்கிறது. இவ்வாறு கேட்போர் இமாம் கஸ்ஸாலி அவர்களின் வரலாற்றை மறந்துவிடுகின்றனர். 1095 ஆம் ஆண்டு, பக்தாதின் நிஸாமிய்யாக் கலாசாலையில் புகழின் உச்சியில் இருந்தபோது, அவருடைய நா ஒருநாள் பாடஞ் சொல்ல மறுத்தது; உணவும் இறங்கவில்லை. உள்ளத்திலே தோன்றிய வருத்தம் உடலுக்குப் பரவியிருக்கிறது என்றும், உள்ளம் தணிந்தாலன்றி மருந்து பலிக்காது என்றும் வைத்தியர்கள் கூறினர். இதனை அவரே தம் சுயசரிதையில் ஒளிக்காமல் எழுதி வைத்தார். அவருடைய ஈமானைக் குறைவென்று யார் சொல்லத் துணிவார்? அவருக்கும் முன்னே, 934 இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ என்னும் பேரறிஞர் உடல் நலத்தையும் உள நலத்தையும் ஒரே நூலில் வைத்து ஆராய்ந்தார். அச்சத்தையும் துயரத்தையும் தீய எண்ணங்களின் ஓயாத வருகையையும் வெவ்வேறாகப் பகுத்தார். வுழூச் செய்துவிட்டு, அது கூடியதோ என்ற ஐயத்தால் ஹவ்ழடியில் மீண்டும் மீண்டும் கைகால் கழுவிக்கொண்டிருப்பவரை நம் ஊர்ப் பள்ளிவாசல்களில் காணலாம். வஸ்வாஸ் என்று அதற்குப் பெயர் சொல்லி, அவரைப் பேணுதல் மிக்கவர் என்று சிலர் புகழ்வதுமுண்டு. அவர் படும் வேதனையோ அவருக்குத்தான் தெரியும்.

ஓதிப் பார்ப்பதை நாம் குறை கூறவில்லை. இறைவசனத்தால் நெஞ்சு குளிர்வது உண்மை. ஓதுவதோடு வைத்தியமும் நடக்கலாமே. நீரிழிவுக்கு ஓதிக்கொண்டே இன்சுலினும் போடுகிற சமூகம், பதகளிப்புக்கு மட்டும் இரண்டில் ஒன்றைத்தான் தெரிவு செய்ய வேண்டுமென்று ஏன் கருதுகிறது?

காரணம் பெயரில் இருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. இந்நாட்டில் மனநோய் என்றதும் அங்கொடை என்ற ஊரே நினைவுக்கு வருகிறது. 1873 இல் இயற்றப்பட்டு 1956 இல் பெயர் மாற்றம் பெற்ற கட்டளைச் சட்டமே நெடுங்காலம் இத்துறையை ஆண்டு வந்தது. அடைத்து வைப்பதே அதன் முதற் கவலை. அந்த நிழல் இன்னும் அகலவில்லை. நமது பகுதியிலே பெண்ணுக்கு வீடு கட்டி மாப்பிள்ளை எடுக்கும் வழக்கமும் சேர்ந்துகொள்கிறது. மூத்தவளுக்கு 'அந்தப் பிரிவில்' சீட்டு இருக்கிறது என்று தெரிந்தால், இளையவளுக்குப் பேச வந்தவர்கள் திரும்பிப் போய்விடுவார்களோ என்று உம்மா அஞ்சுகிறாள். அவ்வச்சம் வீண் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அப்படித் திரும்பிப் போகிறவர்களும் நம்மிடையே உண்டு.

எனினும் முன்னைய நிலைமை மாறியிருக்கிறது. கடல்கோளுக்குப் பின்னர் 2005 இல் அரசு உளநலக் கொள்கை ஒன்றை ஏற்றது. முன்னர் 10 மாவட்டங்களில் மாத்திரம் இருந்த உளநலச் சேவை அமைப்பு, சுகாதாரக் கணக்கின்படியான 27 மாவட்டங்களில் 20 க்குப் பரவியதாக உலக சுகாதார நிறுவனம் 2013 இல் எழுதிற்று. இன்று கல்முனையில் வடக்கு ஆதார வைத்தியசாலையும் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் ஒரே நகரில் இருக்கின்றன. இரண்டிலும் உளநலச் சேவை உண்டு, கட்டணம் இல்லை. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கமும் இருக்கிறது. 2005 இல் கூடாரந்தோறும் வந்து, சில நாட் பயிற்சியோடு உளவளத்துணை செய்து, பிள்ளைகளுக்கு வர்ணக் கட்டிகளைக் கொடுத்துவிட்டு மறைந்தவர்களை மனத்தில் வைத்துக்கொண்டு இச்சேவைகளை எடை போடுதல் நியாயமன்று.

அங்கே என்ன செய்வார்கள் என்பது தெரியாமையும் ஒரு தடை. முதலிற் பொறுமையாகக் கேட்பார்கள். தேவையானால் செற்றலின் போன்ற மருந்து தருவார்கள். அது தலைவலிக் குளிசையன்று. பலன் தெரியச் சில வாரங்கள் செல்லும். முதல் நாட்களிற் படபடப்புச் சற்றுக் கூடவும் கூடும். இதை அறியாமல் மூன்றாம் நாளே வீசிவிடுவோர் பலர். இன்னொரு சாரார், உடனே உறக்கந் தருகிறதென்று டயசிபாம் குளிசையைத் தாமாகவே நீடித்து விழுங்கி அதற்கு அடிமையாகின்றனர். மருந்தில்லாத முறையும் இருக்கிறது: அஞ்சியதைச் சிறிது சிறிதாக அணுகப் பழக்குதல். கடலுக்கு அஞ்சுபவரை முதல் வாரம் பிரதான வீதியில் நிறுத்தி, அடுத்த வாரம் கடற்கரை வீதிக்கு அழைத்து, பின்னர் மணலில் உட்கார வைத்து, படபடப்புத் தானே எழுந்து தானே அடங்கும்வரை விலகாமல் இருக்கப் பழக்குவார்கள். இதனைத் தமிழிலே செய்யத் தேர்ந்த உளவியலாளர் நம் நாட்டில் மிகச் சிலரே.

குறையில் அரசின் பங்கும் இங்கேதான் தெரிகிறது. நெஞ்சுவலியைக் கைச்சைகையால் உணர்த்தலாம். அச்சத்தை உணர்த்த மொழி வேண்டும். தமிழறியாத வைத்தியர் அமர்த்தப்படும் வேளைகளில், தாதி ஒருவரை மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொண்டு ஒரு பெண் தன் மாமியார் வீட்டுக் கதையை எப்படிச் சொல்வாள்? அந்தத் தாதியும் பக்கத்துத் தெருக்காரியாக இருந்துவிட்டால்? 2022 க்குப் பின்னர் நிபுணர்கள் பலர் நாட்டை விட்டுச் சென்றுவிட்டனர்; எஞ்சியோரின் முன்னே நீளும் வரிசையில் ஒருவருக்குச் சில நிமிடங்களே கிடைக்கின்றன.

ஆகவே, பதகளிப்பு வைத்தியத்தின் பெரும்பகுதியை வெளிநோயாளர் பிரிவுக்கே கொண்டு வர வேண்டும். அங்கே வருபவர் எந்த நோய்க்கு வந்தார் என்று ஊரார் அறியார். சாதாரண வைத்தியர்களுக்கு இதிற் பயிற்சி அளிப்பது பெருஞ் செலவான காரியமுமன்று. வீடு வீடாகச் செல்லும் மருத்துவமாதர், குழந்தையின் நிறையைக் கேட்கும்போது தாயின் உறக்கத்தையும் கேட்கலாம். ஓதிப் பார்க்க வருபவரிடம், 'வைத்தியரையும் காணுங்கள்' என்று ஒரு வார்த்தை சொல்லும்படி பள்ளிவாசல் நிருவாகிகள் தத்தம் ஊர் ஆலிம்களைக் கேட்டுக்கொள்ளலாம். கல்முனைப் பிராந்தியத்துக்கு அனுப்பப்படும் உளநல வைத்தியர் தமிழ் அறிந்தவராக, இயன்றால் ஒருவரேனும் பெண்ணாக இருத்தல் வேண்டும் என்ற கோரிக்கையோ அரசியல்வாதிகளுக்கு உரியது. வீதிக்கும் வடிகானுக்கும் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவிலே குரல் எழுப்பும் நமது பிரதிநிதிகளிடம், அடுத்த கூட்டத்துக்கு முன்பே அதனை எழுத்தில் கொடுத்து வைக்கலாம்.